ரீப்ளேஸ் ஆல் அழுத்துனா எடிட்டர் ஏன் தொங்குது?

பாளையங்கோட்டையில படிக்கிற ஒரு தம்பி கேட்டிருக்காப்ல: பைத்தான்ல டிக்கிண்டர் (விண்டோ, பட்டன் எல்லாம் செய்யுற லைப்ரரி) வச்சு சின்னதா ஒரு நோட்பேட் செஞ்சிருக்கேன், ஓபன், சேவ் எல்லாம் ஓடுது, ஃபைண்ட் ரீப்ளேஸும் சேத்தேன், மாமா கடை விலைப்பட்டியல்ல "பாய்"னு இருக்கதை எல்லாம் "பத்தமடைப் பாய்"னு மாத்தலாம்னு ரீப்ளேஸ் ஆல் அழுத்துனேன், விண்டோ அப்படியே நின்னுபோச்சு, என்ன செய்ய?

தம்பி, அது நிக்கலை, ஓடிக்கிட்டேதான் கெடக்கு. ஒரு "பாய்" கெடச்சதும் அதை அழிச்சிட்டு "பத்தமடைப் பாய்" போடுதிய, திரும்ப அதே எடத்துல இருந்து தேடுதிய, புதுசா போட்டதுக்குள்ளயும் ஒரு பாய் கெடக்குல்லா, அது மாட்டுது, "பத்தமடைப் பத்தமடைப் பாய்" ஆகுது, அப்புறம் மூணு பத்தமடை, நாலு பத்தமடை, மெமரி தீர்ற வரைக்கும் பஸ் பத்தமடையைத் தாண்டவே தாண்டாது.

நீங்க கோடு அனுப்பலை, அதனால இன்னும் ரெண்டு எடத்தையும் பாத்துக்கிடுங்க. டெக்ஸ்ட் விட்ஜெட்டோட (டைப் அடிக்கிற பெட்டி) சர்ச்சுக்கு ஸ்டாப்இண்டெக்ஸ், அதாவது எங்க நிக்கணும்கிறதை, குடுக்கலைன்னா அது கடைசி வரி வரைக்கும் போயி திரும்ப தலையில இருந்து சுத்தி வரும், எண்ட்னு குடுத்தாதான் அங்க நிக்கும். இன்னொண்ணு, தேடுற பெட்டி காலியா இருந்தா. காலி எழுத்து எல்லா எடத்துலயும் இருக்கும், அதுக்கு நீளம் 0, ஒரு அடி கூட நகராது. பெட்டி காலின்னா முதல் வரியிலயே திருப்பி அனுப்பிருங்க.

நான் செய்யிற முறை என்னன்னா, தேடுறதையும் மாத்துறதையும் ஒரே லூப்புல போட மாட்டேன். முதல்ல 1.0ல (முதல் வரி, முதல் எழுத்து) ஆரம்பிச்சு எண்ட் வரைக்கும் தேடி, கெடச்ச எடத்தை எல்லாம் ஒரு லிஸ்ட்ல எழுதிக்கிடணும், ஒவ்வொரு தடவையும் கெடச்ச எடத்தோட தேடுற சொல்லோட நீளத்தைக் கூட்டி அங்க இருந்து அடுத்ததைத் தேடணும். லிஸ்ட் முடிஞ்சப்புறம் கடைசி எடத்துல இருந்து மேல ஏறி வந்து மாத்தணும். ஏன் கீழ இருந்துன்னா, வரி 4ல எழுத்து 2ல ஒண்ணு, எழுத்து 20ல ஒண்ணுன்னு வைங்க, முன்னால உள்ளதை மொதல்ல மாத்துனா பின்னால உள்ளது 20ல இருக்காது, தள்ளிப் போயிரும், பின்னால இருந்து வந்தா முன்னால எழுதி வச்ச நம்பர் எதுவும் அசையாது. பத்தமடை சுத்துறதும் நின்னுரும், லிஸ்ட் கையில இருக்கதால "14 எடத்துல இருக்கு, மாத்தவா?"னு மாத்துறதுக்கு முன்னாலயே கேக்கலாம்.

அந்தக் கேள்வியைக் கட்டாயம் வைங்க. நான் மொதல்ல வேலை பாத்தது ஒரு டிடிபி கடையில, கல்யாணப் பத்திரிகைதான் அதிகம். மாப்பிள்ளை பேரு "மணி"ன்னு இருக்கு, "மணிகண்டன்"னு முழுசா போடுங்கன்னாங்க, நான் ரீப்ளேஸ் ஆல் அழுத்திட்டு டீ குடிக்கப் போயிட்டேன். ப்ரூஃப்ல "காலை 9 மணிகண்டன்க்கு மேல் 10.30 மணிகண்டன்க்குள் சுபமுகூர்த்தம்"னு வந்து நிக்கி. பொண்ணு வீட்டு மாமா வாசிச்சிட்டு என்னைப் பாத்த பார்வை இருக்கே.

இதுக்கு முழுச்சொல் மட்டும்னு ஒரு டிக் பெட்டி வச்சா போதாதான்னு கேப்பிய. பாதிதான் காப்பாத்தும், "மணிக்கு" தப்பிக்கும், ஆனா "காலை 9 மணி"ன்னு தனியா நின்னா மாட்டும். உங்க மாமா நோட்டுலயே "பாய் பாக்கி 350"ன்னு ஒரு வரி இருந்தா அது கோரைப் பாயா, கடைக்கு வார பாயான்னு எந்த டிக் பெட்டிக்கும் தெரியாது. மாத்த வேண்டிய "மணியின்" வேற விட்டுப் போயிரும், நம்ம மொழியில வேற்றுமை ஒட்டிக்கிட்டுதான வரும். அதனால ஒவ்வொண்ணா மாத்துற பட்டனை நல்லா செய்யுங்க: அழுத்துனதும், கலர் போட்டுக் காட்டுன எடத்துல இப்பவும் அதே சொல்லு இருக்கான்னு பாத்து (நடுவுல கையால திருத்தியிருப்போம்லா), இருந்தா மாத்திட்டு அடுத்ததுக்குப் போகணும்.

தமிழுக்குன்னு ஒரு வில்லங்கம் இருக்கு. யுனிகோட்ல (கம்ப்யூட்டர் எழுத்துக்கு நம்பர் குடுக்குற முறை) "லா"ங்கிறது ல, அப்புறம் கால், ரெண்டு குறி. "பல"வைத் தேடி "நிறைய"ன்னு மாத்துனா குத்தாலத்து பலாப்பழம் "நிறையாப்பழம்" ஆயிரும், பல் "நிறைய்" ஆயிரும். அதனால கெடச்ச எடத்துக்கு அடுத்த எழுத்தை எடுத்து பைத்தானோட யுனிகோட்டேட்டா மாட்யூல்ல அதோட கேட்டகரி (எந்த வகைக் குறின்னு) கேளுங்க, எம்னு ஆரம்பிச்சா அது காலோ கொம்போ புள்ளியோ, அந்த எடத்தை விட்டுருங்க. முழுச்சொல் பாக்க பைத்தான் ரெகெக்ஸோட (மாதிரி குடுத்துத் தேடுற முறை) வேர்ட் பவுண்டரியை, அதாவது சொல் எல்லைக் குறியை, நம்பாதிய, அதுக்கு இந்தக் குறியெல்லாம் எழுத்துக் கணக்குல வராது, "தமிழ்"ங்கிறதை "தம"லயே வெட்டிரும்.

பிடிஎஃப்ல இருந்து காப்பி பண்ணி ஒட்டுனதுல "கொ"வோட கொம்பும் காலும் சில சமயம் ஒத்தைக் குறியா இருக்காது, ஒற்றைக்கொம்பு தனி, கால் தனியா இருக்கும், கண்ணுக்கு ஒண்ணுதான், தேடுனா சிக்காது. ஃபைலைத் திறக்கும்போதும் ஒட்டும்போதும் தேடுற சொல்லுலயும் என்எஃப்சி நார்மலைஸ் (பிரிஞ்சு கெடக்கிற குறியை ஒண்ணாக்குறது) பண்ணிருங்க. "கௌரி"யில ஔகாரக் குறிக்குப் பதிலா ஒற்றைக்கொம்பும் ளகரமும் அடிச்சு வச்சிருந்தா மட்டும் அதுவும் காப்பாத்தாது.

அன்டூ. விட்ஜெட்டுல அன்டூ ட்ரூ குடுத்திருந்தாலும் 14 மாத்தத்துக்கு 14க்கு மேல கண்ட்ரோல் இசட் அடிக்க வேண்டியிருக்கும். மாத்துறதுக்கு முன்னால ஆட்டோசெபரேட்டர்ஸை (அன்டூவுக்குத் தானா தடுப்பு போடுறது) ஃபால்ஸ் பண்ணி நாமளே ஒரு எடிட் செபரேட்டர், முடிஞ்சதும் இன்னொண்ணு போட்டு திரும்ப ட்ரூ, அவ்வளவுதான், ஒரே அடியில எல்லாம் திரும்பும். கலர் காட்ட செலக்‌ஷனை நம்பாம தனியா ஒரு டேக் (எழுத்துக்குக் கலர் குடுக்குற அடையாளம்) வைங்க, ஃபைண்ட் விண்டோவுக்கு ஃபோகஸ் போனதும் விண்டோஸ்ல செலக்‌ஷன் மறைஞ்சிரும்.

மாமா பட்டியல்ல கை வைக்கதுக்கு முன்னால ஒரு காலி ஃபைல்ல பாய் பாய்ச்சல், பல பலா பல் பலகை, காலை 9 மணிக்கு மணி வந்தான்னு மூணு வரி அடிச்சு சோதிச்சுக்கிடுங்க.