றேடியோ கரகரக்குது, ஆரைப் பிடிக்கிறது? – கேள்வி பதில்

கொக்குவில் அக்கா: எல்.ஈ.டி பல்ப் மாத்தினதிலயிருந்து பொழுதுபட்டால் மீடியம் வேவில ஒரே இரைச்சல். றேடியோ பழுதோ?

பதில்: றேடியோவைக் குறை சொல்லாதேங்கோ அக்கா. மலிவு எல்.ஈ.டி பல்புக்குள்ள இருக்கிற சின்னச் சுற்று கரண்டைச் செக்கனுக்குப் பல்லாயிரம் தரம் வெட்டி விடும். அதின்ர மடங்கு அலைகள் மீடியம் வேவ் முழுக்கப் பரவும். வீட்டு வயறிங்தான் அதுக்கு அன்ரெனா. போன் சார்ஜர், சோலர் இன்வேட்டர் எல்லாம் இதே சாதி.

பற்றறியில றேடியோவைப் போட்டுக்கொண்டு மெயின் சுவிச்சை நிப்பாட்டிப் பாருங்கோ. இரைச்சல் நிண்டால் கள்ளன் உங்கட வீட்டுக்குள்ள. ஒவ்வொரு சுவிச்சாப் போட்டுக்கொண்டு வர ஆள் அகப்படுவார். பல்ப் எண்டால் வேற பல்ப் போடுங்கோ. சார்ஜர் எண்டால் அதின்ர வயரை ஃபெரைட் எண்ட கறுப்புக் காந்தப்பொருள் வளையத்தில அஞ்சாறு சுத்துச் சுத்தினால் குறையும். மெயினை நிப்பாட்டியும் நிக்காட்டி, அயல்வீடு அல்லது றோட்டு லைன். அப்ப றேடியோவை மெல்லத் திருப்புங்கோ. உள்ளுக்குள்ள இருக்கிற ஃபெரைட் கம்பியின்ர நுனி இரைச்சல் வாற பக்கம் பாக்கேக்க சத்தம் நல்லாக் குறையும். அதை வைச்சே திசை பிடிக்கலாம்.

தொண்ணூறுகளில கரண்ட் இல்லாமல், சைக்கிள் டைனமோவை மிதிச்சு பீ.பீ.சி தமிழோசை கேட்ட ஊர் இது. அப்ப பெரிய தொல்லை வானத்து மின்னல்தான். கரண்ட் வந்தபிறகு இரைச்சலை நாங்களே காசு குடுத்து வாங்கிறம்.

பருத்தித்துறை தம்பி: சில நாள் விடியப்புறம் எங்கட எஃப்.எம் நிலையம் காணாமல் போய் அதே இடத்தில தமிழ்நாட்டு நிலையம் கேக்குது. கரகரப்பு ஒண்டும் இல்லை. எப்பிடி?

பதில்: கடலுக்கு மேல ஈரமான குளிர் காத்து, அதுக்கு மேல தரையிலயிருந்து வந்த காய்ஞ்ச சூட்டுக் காத்து. இப்பிடி அடுக்கு விழுந்தால் எஃப்.எம் அலை நேரா மேல போய்விடாமல் வளைஞ்சு, கடலை ஒட்டியே கனதூரம் ஓடும். பாக்குநீரிணை அதுக்குத் தோதான இடம். எஃப்.எம் றிசீவர் ஒரே அலைவரிசையில ரெண்டு நிலையம் வந்தால் பலமானதைப் பிடிச்சு மற்றதை அமத்திப்போடும். அதுதான் சுத்தமா ஆள் மாறுது. எங்கட நிலையத்தைப் பாத்துத் திசை அன்ரெனா ஒண்டைப் பூட்டுங்கோ. வெயில் ஏற அனேகமாத் தானாவே போயிடும்.

குருநகர் அண்ணை: போட் எஞ்சினை முடுக்க, கடலில கதைக்கிற வி.எச்.எஃப் றேடியோ செற்றில உறுமுது.

பதில்: எஞ்சின் வேகத்தோட உறுமலும் கூடினால் ஸ்பார்க் பிளக் அல்லது பற்றறியைச் சார்ஜ் பண்ணுற ஒல்ரனேற்றர். செற்றுக்குப் பற்றறியிலயிருந்து நேரா, ஃபியூசோட தனி வயர் இழுங்கோ. அன்ரெனா கேபிளை எஞ்சின் வயரோட சேத்துக் கட்டவேண்டாம். பெற்றோல் எஞ்சினுக்கு இந்த இரைச்சலைக் குறைக்கிற றெசிஸ்ரர் பிளக் கிடைக்கும். இதைப் பிற்போடாதேங்கோ, அந்தரத்தில சானல் 16 எண்ட அவசர அழைப்புச் சானலில கூப்பிடேக்க மறுமொழி கேக்கவேணும்.

ஏ.எல் மாணவி: எல்லாத்தையும் நிப்பாட்டினாலும் 'ஸ்ஸ்' எண்டு ஒரு சத்தம் மிஞ்சுதே?

பதில்: ஒரு பங்கு றிசீவருக்குள்ள இருக்கிற இலத்திரன்களின்ர வெப்ப ஆட்டம்; அறை வெப்பநிலையில ஒரு ஹேர்ட்ஸுக்கு −174 டிபிஎம் (ஒரு மில்லிவாற்றோட ஒப்பிட்டுச் சொல்லுற வலு அளவு). பெல் ஆய்வுகூடத்து ஜோன்சன் அதை அளந்தார், அங்கையே இருந்த நைக்விஸ்ற் கணக்குச் சொன்னார். ரெண்டும் 1928இல வெளிவந்தது. இன்னொரு பங்கு பால்வீதியிலயிருந்து வருது. அமெரிக்க றேடியோ எஞ்சினியர் கார்ல் ஜான்ஸ்கி இடிமின்னலால வாற றேடியோ இரைச்சலைத் தேடப் போய் 20.5 மெகாஹேர்ட்ஸில அதைக் கண்டு 1933இல அறிவிச்சார். சோதினைக்கு முதலாவதை நல்லாப் படியுங்கோ பிள்ளை.

சாவகச்சேரி ஐயா: மார்ச்சில மத்தியானத்தில டிஷ் படம் கொஞ்ச நேரம் போய்ப் போய் வருது.

பதில்: சற்றலைட்டுக்கு நேர் பின்னால சூரியன் வாற நாட்கள் ஐயா. சூரியன்ர றேடியோ இரைச்சல் சற்றலைட் சிக்னலை அமத்திப்போடும். செப்டெம்பர் கடைசியிலும் வரும். சில நிமிசம்தான், ஆளைக் கூப்பிட்டு டிஷ் திருப்பக் காசு குடுக்காதேங்கோ.