வாசகர் கேள்வி: சமயப் பாடத்தில் மதிப்பெண் எங்கே போகிறது?

கேள்வி: லண்டனில் படிக்கும் என் மகளுக்கு ஏக்யூஏ தேர்வு வாரியத்தின் ஜிசிஎஸ்இ (16 வயதில் எழுதும் பொதுத்தேர்வு) சமயப் பாடத்தில் இந்து சமயமும் உண்டு. எல்லாம் தெரிகிறது, மதிப்பெண்தான் வருவதில்லை. ஏன்?

பதில்: பெரும்பாலும் கோட்டை விடுவது 12 மதிப்பெண் வினாவில். முதல் தாளில் அப்படி நான்கு வினாக்கள். 96-இல் 48 அங்கேயே இருக்கிறது. ஒரு கூற்றைக் கொடுத்து மதிப்பிடச் சொல்வார்கள். ஒரு பக்கத்தை மட்டும் வாதிட்டால், எவ்வளவு அழகாக எழுதினாலும் 6-ஐத் தாண்டாது. ஆதரவு, மறுப்பு, எது வலுவான வாதம், ஏன் என்ற முடிவு எல்லாம் வேண்டும். 'இரண்டும் சரிதான்' என்று நழுவினால் அது முடிவாகாது. வீட்டில் சமயக் கருத்துகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் மறுபக்கத்தை எழுதத் தயங்குவதுண்டு. ஆனால் தேர்வு எழுதுபவரின் நம்பிக்கையை யாரும் சோதிக்கவில்லை.

5 மதிப்பெண் வினாவில் விளக்கத்துடன் இரண்டு கருத்துகளுக்கு 4; ஐந்தாவது, சமயநூல் சான்றுக்கு. 'பழைய ஆடையைக் களைவதுபோல் ஆன்மா உடலை மாற்றுகிறது என்கிறது கீதை' என்றாலே போதும். நூலின் பெயர் கட்டாயம், சுலோக எண் தேவையில்லை.

நேரம் 1 மணி 45 நிமிடம். மதிப்பெண்ணுக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.