களனி கங்கை கொண்டுவரும் மண் எங்கே போகிறது?

கேள்வி: மழை விட்ட கையோடு முகத்துவாரத்தில் நின்று பார்த்தால், களனி கங்கைத் தண்ணீர் பால் தேத்தண்ணி நிறத்தில் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. அந்த மண்ணும் இலைதழையும் கடைசியில் எங்கே போகின்றன? இவ்வளவு போனது என்று யாராலும் அளக்க முடியுமா, ஐயா?
– வாசகி ஒருவர், மட்டக்குளி

பதில்: முடியும். ஆனால் தண்ணீரை அள்ளிப் பார்த்தால் மட்டும் போதாது. கடையில் இருக்கிற சாமானை எண்ணினால் இன்றைக்கு எவ்வளவு விற்றது என்று தெரியாது அல்லவா, அதே மாதிரித்தான். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நாளில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும், அதைத்தான் பாயம் என்கிறோம்.

அதற்கு வண்டல் பொறி இருக்கிறது. கீழே கனமான நங்கூரம், மேலே மிதவை, நடுவில் கயிற்றில் ஒரு பெரிய புனல். புனலின் அடியில் வட்டமாக அடுக்கிய போத்தல்கள், ஒரு மோட்டார் குறித்த நாளுக்கு ஒருமுறை அடுத்த போத்தலைப் புனலுக்கு நேரே கொண்டுவரும். இறக்குவதற்கு முன்பே போத்தல்களில் கடலைவிட உப்புக் கூடிய நீரோடு பார்மலின் போன்ற ஒன்றைக் கலந்து நிரப்பிவிடுவார்கள். பாரம் கூடிய அந்த நீர் வெளியேறாது, பார்மலின் இருப்பதால் உள்ளே விழுந்தவை அழுகாது. மாதக்கணக்கில் கழித்து எடுத்தால் போத்தலின் அடியில் கபில நிறச் சேறு இருக்கும். அதற்குள் உயிரோடு நீந்தி வந்து மாட்டிக்கொண்ட பொடி இறால் போன்ற உயிரினங்களும் கிடக்கும். அவை விழுந்த கணக்கில் சேராது, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். இந்த வேலையில் நான் பெரிதும் மதிப்பது அந்தப் பொறுமையைத்தான்.

கடலோரச் சரிவில் நீரோட்டம் பலமாக இருந்தால் புனல் ஏமாற்றும். அப்போது தோரியம்-234 என்ற கதிரியக்கப் பொருள் கைகொடுக்கும். கடலில் கரைந்த யுரேனியத்திலிருந்து பிறக்கும் தோரியம் துகள்களில் ஒட்டிக்கொண்டு கீழே போய்விடும், அரைவாழ்வுக் காலம், அதாவது பாதி சிதைந்துபோக எடுக்கும் காலம், 24 நாள். மேல்நீரில் இருக்க வேண்டியதைவிட எவ்வளவு குறைகிறதோ, அதிலிருந்து கடந்த சில வாரங்களில் இறங்கியதைக் கணக்கிடலாம்.

சரி, மண் எங்கே போகிறது? மணல் முகத்துவாரத்துப் பக்கமே தங்கும். மென்களி உப்பைக் கண்டதும் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு இறங்கும், இலைதழையிலிருந்து வந்த கரிமச் சத்தும் அதோடு சேர்ந்து போகும். நம் கண்டமேடை, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி, அகலம் குறைந்தது, சராசரியாக 20 கிலோமீட்டர் அளவுதான், அதனால் கொஞ்சம் ஆழ்கடலுக்கும் நழுவும். உலகக் கடல்களின் பரப்பில் கண்ட ஓரங்களின், அதாவது கண்டமேடையும் அதை அடுத்த சரிவும் சேர்ந்த பகுதியின், பங்கு சிறிதுதான். ஆனால் கடலடியில் புதையும் கரிமத்தில் பெரும்பகுதி அங்கேதான்.

வீட்டிலேயே பார்க்கலாம். கங்கைக் கலங்கலை இரண்டு கிளாஸில் ஊற்றி, ஒன்றில் மட்டும் ஒரு கரண்டி உப்புப் போட்டுக் கலக்கி, அசையாமல் வையுங்கள். உப்புப் போட்டது முதலில் தெளியும்.