சர்க்கரை நோய் சிறுநீரகத்தை எப்படிக் கெடுக்கிறது?

நீரிழிவால் சிறுநீரகத்தின் வடிகட்டிகள் பழுதாவதே நீரிழிவுச் சிறுநீரக நோய். ஒரு சிறுநீரகத்தில் இவை சுமார் 10 லட்சம் இருக்கும். ஒவ்வொன்றும் நுண்ணிய ரத்தக்குழாய்களின் முடிச்சு. விரல் விரலாக நீண்டு அந்தக் குழாய்களைக் கவ்வியிருக்கும் செல்கள்தான் புரதம் வெளியேறாமல் காக்கின்றன. ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் மிகுந்திருந்தால் வடிகட்டிக்குள் அழுத்தம் ஏறுகிறது, செல்களின் பிடி தளர்கிறது, சில உதிர்ந்தும் விடுகின்றன. உதிர்ந்தவற்றின் இடத்தில் புதியவை எளிதில் முளைப்பதில்லை, சிக்கலே அதுதான். நைந்துபோன டீ வடிகட்டியில் தூள் இறங்குவதுபோல, ஆல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் கசியத் தொடங்குகிறது. அப்போதும் ரத்தத்தில், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் அளவு சரியாகவே இருக்கலாம். ஆகவே சிறுநீர் ஆல்புமின் பரிசோதனையை ஆண்டுதோறும் செய்வது நல்லது.

சர்க்கரை மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்கிறது என்று பயந்து பலர் அதை நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரை, மாத்திரையின் அளவை மாற்ற வேண்டுமா என்பதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.