கிளினிக்கில் எடுத்த இசிஜி நார்மல். பிறகு எதற்கு எமர்ஜென்சிக்குக் கடிதம்?

பட்டர்வொர்த்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்கு இனிப்புநீர், காலையில் நெஞ்சு இறுக்கம், பக்கத்துக் கிளினிக்கில் எடுத்த இசிஜி நார்மல். அப்படியும் அரசாங்க மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்த டாக்டர் பொறுப்பைத் தட்டிக் கழிக்கிறாரோ என்பது உங்கள் சந்தேகம். இல்லை, அவர் செய்ததுதான் சரி. கடிதத்தோடு இப்போதே கிளம்புங்கள். வலி இன்னும் இருந்தாலோ வியர்த்துக் கொட்டினாலோ காரை எடுக்க வேண்டாம், ஆம்புலன்சுக்கு 999ஐக் கூப்பிடுங்கள். நெரிசலில் கார் நின்றுவிட்டால் உள்ளே இருக்கும் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

அந்தத் தாளில் இருப்பது வெறும் 10 விநாடி. அந்த 10 விநாடியில் இதயத்தின் மின்னோட்டம் எப்படி இருந்தது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. ரத்தக் குழாய் பாதிக்கு மேல் அடைத்திருந்தாலும், படுத்து ஓய்வாக இருக்கும்போது கோடு ஒழுங்காகவே வரலாம். மாரடைப்பின் தொடக்கத்திலும் அப்படி வருவது உண்டு. அதனால்தான் எமர்ஜென்சியில் 15, 30 நிமிட இடைவெளியில் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள், ட்ரோபோனின் (இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் புரதம்) ரத்தப் பரிசோதனையையும் சில மணி நேரம் விட்டு இன்னொரு முறை செய்கிறார்கள். இனிப்புநீர்க்காரர்களுக்கு வலியே தெரியாமலும் மாரடைப்பு வருவதுண்டு. உங்கள் அப்பா விஷயத்தில் டாக்டர் யோசித்தது இதைத்தான்.

அப்படியானால் இசிஜி வீணா என்றால், இல்லவே இல்லை. தாள் விநாடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடுகிறது. சின்னக் கட்டம் 0.04 விநாடி, பெரிய கட்டம் 0.2 விநாடி. இரண்டு உச்சிகளுக்கு நடுவே 4 பெரிய கட்டம் இருந்தால், 300ஐ 4ஆல் வகுங்கள்: துடிப்பு நிமிடத்துக்கு 75. உச்சிகள் தாறுமாறான இடைவெளியில் வந்து, முன்னால் வரவேண்டிய சின்ன பி அலையும் காணோமென்றால் அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிப்பது. ரத்தம் உறைந்து பக்கவாதம் வருவதற்கு இது பெரிய காரணம். லீட் என்பது இதயத்தை ஒரு கோணத்திலிருந்து பார்க்கும் பதிவு, எஸ்டி பகுதி என்பது உச்சிக்கும் அடுத்து வரும் டி அலைக்கும் நடுவே உள்ள கோடு. இரண்டு, மூன்று, ஏவிஎஃப் லீட்களில் எஸ்டி பகுதி தூக்கி நின்றால் மாரடைப்பு இதயத்தின் அடிச்சுவரில் இருக்கலாம். வி1 முதல் வி4 வரை தூக்கினால் முன்சுவர். பின்சுவரில் அடைப்பு என்றால் வழக்கமான 12 லீட்டில் எஸ்டி இறங்கித்தான் தெரியும், மின்முனைகளை முதுகுப் பக்கம் ஒட்டிப் பார்த்தால் உறுதியாகும். ரத்தச் சுத்திகரிப்புக்கு (டயாலிசிஸ்) போகிறவர் ஒரு தடவை தவறவிட்டு பொட்டாசியம் ஏறினால், ரத்த முடிவு வருமுன்பே டி அலை கூர்ந்து உயர்ந்து காட்டிக்கொடுப்பதுண்டு.

இதெல்லாம் நெஞ்சில் ஒட்டும் மின்முனைகளைச் சரியான இடத்தில் ஒட்டினால்தான். கழுத்துக் குழியிலிருந்து நெஞ்செலும்பின் மேல் விரலை இறக்கினால் ஒரு மேடு தட்டுப்படும். அதற்குப் பக்கத்தில் இருப்பது 2ஆவது விலா, அதன் கீழே 2ஆவது இடைவெளி. அங்கிருந்து எண்ணி 4ஆவது இடைவெளியில் நெஞ்செலும்பின் வலப்பக்கம் வி1, இடப்பக்கம் வி2. 5ஆவது இடைவெளியில், காறை எலும்பின் நடுவுக்கு நேர்கீழே வி4. இந்த எண்ணிக்கையைச் செய்யாமல் குத்துமதிப்பாக மேலே ஒட்டினால், இல்லாத பழைய மாரடைப்பு இருப்பதுபோலத் தாளில் வந்துவிடலாம். கை வயர்கள் இரண்டும் மாறினால் முதல் லீட் தலைகீழாகும். ஏர்கோன் குளிரில் உடம்பு நடுங்கினால் கோடு ரம்பப் பல்லாக வரும். போர்வை போர்த்தி மறுபடி எடுக்க வேண்டியதுதான். எண்ணெய், பவுடர், வியர்வையைத் துடைக்க வேண்டும்.

பெண்களுக்குக் கூச்சம் என்பதால் வி4ஐ மார்பின் மேலேயே ஒட்டிவிட்டுப் போவது எனக்கு ஆறவே ஆறாத விஷயம். மார்பின் கீழ்தான் ஒட்ட வேண்டும். பெண் தாதி வேண்டும், துணி போர்த்திக்கொள்ள வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். தாலியைக் கழற்றத் தேவையில்லை, ஒட்டும் இடத்தில் படாமல் ஒதுக்கினால் போதும்.

இதையெல்லாம் டாக்டரிடம் விட வேண்டியதுதானே என்று சிலர் வருவார்கள். தாளைப் பார்த்து வீட்டில் வைத்தியம் செய்யச் சொல்லவில்லை. மெஷின் மேலே அச்சடிக்கும் 'நார்மல்' என்ற வரியை நம்பி வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். கைக்கடிகாரம் எடுக்கும் இசிஜியும் ஒரே ஒரு லீட். துடிப்பு தாறுமாறாக இருப்பதைக் காட்டும், மாரடைப்பை அல்ல.

கிளம்பும்போது காலையில் எடுத்த அந்தத் தாளையும் கொண்டு போங்கள். பழைய இசிஜி இருந்தால் அதையும். கோட்டில் உள்ள மாற்றம் புதிதா பழையதா என்பதை வைத்துத்தான் பல முடிவுகள் எடுக்கப்படும். அது பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் தாள், காரில் வெயிலிலோ பிளாஸ்டிக் உறையிலோ வைத்தால் மங்கிவிடும். நகல் எடுங்கள், அல்லது போனில் படம் பிடியுங்கள். பெயர், தேதி, நேரம், ஓரத்திலுள்ள 10 மில்லிமீட்டர் உயரப் பெட்டிக் குறி எல்லாம் தெரியும்படி முழுத் தாளையும் எடுக்க வேண்டும். அந்தக் குறி 5 மில்லிமீட்டராக இருந்தால் அலைகள் எல்லாமே பாதி உயரத்தில்தான் அச்சாகியிருக்கும்.