ஜூம் வகுப்பில் மாணவர்களின் வீடியோ கட்டங்கள் இடம் மாறாமல் வைப்பது எப்படி?

யாராவது கேமராவை அணைத்தாலே கட்டங்கள் இடம் மாறிவிடுகின்றன, வருகைப் பதிவு வரிசையிலேயே நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். கணினியில் கேலரி வியூவுக்கு (எல்லோரும் கட்டம் கட்டமாகத் தெரியும் காட்சி) போய், ஒரு மாணவரின் கட்டத்தை மவுஸால் பிடித்து இழுத்து வேண்டிய இடத்தில் விடுங்கள், அவ்வளவுதான். அப்புறம் அந்த வரிசை அப்படியே நிற்கும், புதிதாக நுழைபவர்கள் கடைசியில் போய்ச் சேருவார்கள். ஆனால் இது உங்கள் திரையில் மட்டும். எல்லோருக்கும் இதே வரிசை தெரிய வேண்டுமானால் வியூ மெனுவில் 'ஃபாலோ ஹோஸ்ட்ஸ் வீடியோ ஆர்டர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஹோஸ்டாக, அதாவது வகுப்பை நடத்துபவராக, இருப்பவரால்தான் அது முடியும். குழுவாக உட்கார்ந்து விவாதிக்கும் வகுப்புக்கு இது ரொம்ப உதவும், 'அடுத்த கட்டத்தில் இருப்பவர் பேசுங்கள்' என்றால் குழப்பமே வராது.

ஒரு பக்கத்தில் வழக்கமாக 25 பேர் தெரிவார்கள், கணினிக்குத் திறன் இருந்தால் வீடியோ செட்டிங்கில் 49 ஆக்கலாம் (சின்னத் திரையில் முகங்கள் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடும், எனக்கு 25 போதும்). 'பின்' (Pin), 'ஸ்பாட்லைட்' (Spotlight) இரண்டையும் பலர் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒருவரை 'பின்' செய்தால் அவர் கட்டம் உங்களுக்கு மட்டும் பெரிதாகத் தெரியும், ஸ்பாட்லைட் செய்தால் வகுப்பு முழுவதற்கும். கேமரா போடாதவர்களை மறைக்கவும் வழி இருக்கிறது, ஆனால் மறைத்தால் அவர்களை மறந்தே போவோம், பாடம் நடத்துபவர் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.