மாடியில் மழைமானி, ஆலையில் லாக் புக்

கேள்வி: நான் பி.எஸ்சி. வேதியியல் படித்தவன். கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையின் லேபில் நான்கு வருடமாக வேலை. எனக்கு உயிர் என்றால் மழைதான். வீட்டு மாடியில் மழைமானி வைத்திருக்கிறேன். தினமும் காலை 8.30க்கு அளந்து நோட்டில் எழுதுவேன். ஏ ஷிப்ட் (காலை ஷிப்ட்) வாரங்களில் அம்மா அளந்து குறித்து வைப்பார். ஃபெஞ்சல் புயலன்று மானி நிரம்பி வழிந்துவிடக் கூடாதே என்று ராத்திரி முழுக்க விழித்திருந்து, மூன்று முறை அளந்து கொட்டிவிட்டு மறுபடி வைத்தேன். காற்று எப்போது திசை மாறியது, எப்போது ஓய்ந்தது எல்லாம் குறித்திருக்கிறேன். மழை என்றால் தெருக்காரர்கள் என்னிடம்தான் கேட்பார்கள். வேலையில் அப்படி எதுவும் இல்லை. சாம்பிள் எடு, டெஸ்ட் பண்ணு, எழுது. ஏதாவது கேட்டால் "சொன்னதை மட்டும் செய்" என்கிறார் ஷிப்ட் இன்சார்ஜ். பிடித்ததைச் செய்தால்தான் வாழ்க்கை என்று எல்லோரும் சொல்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு வானிலைப் பக்கம் போய்விடலாமா?

– பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: தம்பி, மழையைப் பற்றி நீங்கள் எழுதியதில் மணி இருக்கிறது, காற்று இருக்கிறது, அம்மா இருக்கிறார். ஆலையைப் பற்றி எழுதியதில் என்ன இருக்கிறது? அங்கே என்ன தயாரிக்கிறார்கள் என்றுகூட நீங்கள் சொல்லவில்லை. மருந்துக்கான மூலப்பொருளா, சாயமா, பூச்சிமருந்தா? இன்சார்ஜ் வாயை அடைத்துவிட்டார் என்கிறீர்கள். அவரிடம் என்ன கேட்டீர்கள்? அதுவும் கடிதத்தில் இல்லை. நாலு வருடம் இருந்த இடத்தைப் பற்றி இவ்வளவுதான் வருகிறது என்றால், சுவாரசியம் இல்லாதது வேலைக்கா, அதைப் பார்க்கிற கண்ணுக்கா என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

விடலாமா என்பதற்கு: இப்போதைக்கு வேண்டாம். "பிடித்ததைச் செய்" என்று சொல்கிற அந்த "எல்லோரும்" யார் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேர் அடுத்த மாதச் சம்பளம் இல்லாமல் ஒரு தீபாவளியைப் பார்த்தவர்கள்? சரி, அதை விடுங்கள். எனக்குச் சொல்ல வேண்டியது வேறு.

மழை விஷயத்தில் நீங்கள் எப்படிப்பட்ட ஆள் என்று எனக்கு ஓரளவு புரிகிறது. உங்கள் மானியில் 12 மி.மீ., தெருக்கோடி நண்பர் மானியில் 20 மி.மீ. என்றால் உங்களுக்குத் தூக்கம் வராது. புனலில் காக்கை போட்ட குச்சி அடைத்திருக்கிறதா, பக்கத்து வீட்டுத் தென்னை மறைக்கிறதா, அம்மா 8.30க்குப் பதில் 9.30க்கு அளந்துவிட்டாரா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பீர்கள். அதே ஆள் லேபுக்குள் நுழைந்ததும் அமிலத்தன்மை அளக்கும் பிஎச் மீட்டர் 7.2 காட்டினால் 7.2 என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போகிறார். மீட்டரை பிஎச் தெரிந்த பஃபர் கரைசலில் வைத்து கேலிபரேட் செய்து எத்தனை நாள் ஆயிற்று? எலெக்ட்ரோடு எவ்வளவு பழையது? பத்து நாளாக ஒரே எண் வருகிறதே, அது திரவத்தின் நிலவரமா, மீட்டரின் நிலவரமா? இந்தச் சந்தேகங்களுக்கு இன்சார்ஜ் அனுமதி தேவையில்லை.

உங்களுக்குப் பக்கத்து ஊரான புதுச்சேரியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சென்னை வானாய்வுக் கூடத்தில் வேலை பார்த்த ஜான் வாரன் என்பவர், தென்னிந்தியக் காலக்கணிதம் பற்றிக் 'கால சங்கலிதம்' என்று ஒரு நூல் எழுதினார். 1825இல் வெளியானது. அதில் புதுச்சேரியில் இருந்த பஞ்சாங்கக்காரர் ஒருவர் வருகிறார். தரையில் சோழிகளைப் பரப்பி, வாய்ப்பாடுகளை மனப்பாடமாக ஒப்பித்தபடியே, 1825 மே 31 இரவு வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கையில் காகிதம் இல்லை. எண்களெல்லாம் சொற்களாகவும் அசைகளாகவும் தலைக்குள் இருந்தன. கிரகணத் தொடக்கத்தில் அவர் கணக்கு 4 நிமிடமே பிசகியது. சோழியை வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கியது பெரிய வித்தை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நடுவில் பிசகு 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். ஏன் என்று அவரிடம் கேட்டிருந்தால் பதில் வந்திருக்காது. கோட்பாட்டில் ஒரு சொல்லும் அவருக்குத் தெரியாது, நினைவாற்றல்தான் எல்லாம் என்று வாரன் எழுதுகிறார். (அந்தப் பஞ்சாங்கக்காரர் வாரனைப் பற்றி என்ன நினைத்தார் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.) 1952இல் ஓட்டோ நியூகெபவர் என்ற கணித வரலாற்றாசிரியர் இதை ஆராய்ந்து, அந்த முறையின் வேர் பழைய பாபிலோன் வரை போகிறது என்றார். அவ்வளவு தூரம், அவ்வளவு காலம் ஒரு முறை கைமாறி வந்திருக்கிறது. ஏன் என்ற கேள்வி மட்டும் வழியில் எங்கோ தங்கிவிட்டது. சாம்பிள் எடு, டெஸ்ட் பண்ணு, எழுது என்பதும் அதே ரகம்தான். எல்லாம் சரியாகப் போகிறவரை பிரச்சினை தெரியாது. 52 நிமிடம் தள்ளிப் போகிற நாளில், எதைத் திருத்த வேண்டும் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

ஃபெஞ்சலுக்கே வருவோம். 2024 நவம்பர் 30 இரவு அது புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் சுமார் 48 செ.மீ. கொட்டியது. நீங்கள் மூன்று முறை மானியைக் காலி செய்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் தென்பெண்ணைக் கரை மக்களை வீட்டைவிட்டுக் கிளப்பியது உங்கள் மாடியில் விழுந்த மழை இல்லை. புயல் உள்ளே நகர்ந்து ஊத்தங்கரை, திருவண்ணாமலைப் பக்கம் கொட்டி, தென்பெண்ணையின் மேல்பகுதியில் இருக்கும் சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2 அதிகாலை விநாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் திறந்துவிட்ட தண்ணீர் அது. கடலூர்க்காரன் சாத்தனூரைப் பார்க்காமல் கடலூர் வெள்ளத்தைப் புரிந்துகொள்ள முடியாது. இதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, நீங்கள் எனக்குச் சொல்வீர்கள்.

அப்படியே லேபுக்கு வாருங்கள். ஒரு டேங்க் சாம்பிளில் அமிலம் ஏறியிருக்கிறது என்றால் காரணம் அந்த டேங்கிலேயே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மேலே எங்கோ ஒரு வால்வு கசிகிறது, அல்லது சரக்கு கொண்டுவரும் சப்ளையர் மாறியிருக்கிறார். அந்த ஆலைக்கும் ஒரு சாத்தனூர் உண்டு. அது எங்கே இருக்கிறது என்று தெரியாமலே நீங்கள் நாலு வருடமாக அளந்துகொண்டிருக்கிறீர்கள்.

ரசாயனத் தொழிலில் கேள்வி கேட்பதை அதிகப்பிரசங்கித்தனம் என்று சொல்வதற்கு யாருக்கும் அருகதை கிடையாது. அதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. 1960களில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் உருவான 'ஹேஸாப்'. ஆலையின் வரைபடத்தை விரித்துவைத்து, ஒவ்வொரு குழாயாக எடுத்து, பல பிரிவு ஆட்கள் உட்கார்ந்து கேட்பார்கள்: இதில் ஓட்டம் இல்லாமல் போனால்? அதிகமானால்? குறைந்தால்? எதிர்த்திசையில் திரும்பினால்? அப்படி ஆக என்ன காரணம் இருக்க முடியும், ஆகிவிட்டால் என்ன நடக்கும், தடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது? நாட்கணக்கில் இதே வேலை. உங்கள் ஆலையிலும் ஹேஸாப் அறிக்கை ஒன்று ஏதாவது பீரோவில் தூங்கிக்கொண்டிருக்கலாம். கேட்டு வாங்கிப் படியுங்கள். மழை நோட்டு அளவுக்கு உங்களை இழுக்கும் என்று நினைக்கிறேன்.

கேட்டால் மட்டும் போதும் என்றும் நான் சொல்ல மாட்டேன். 1984 டிசம்பர் 2 இரவு போபாலில் விஷவாயு கசிந்தபோது, தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பு ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்துத் தீர்க்க வேண்டிய ஃப்ளேர் கோபுரத்தின் குழாய் பழுதுக்காகக் கழற்றப்பட்டிருந்தது. ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் 1982இலிருந்தே ஆபத்து ஆபத்து என்று எழுதினார். யாரும் காதில் வாங்கவில்லை. அத்தனை சாவுக்கும் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோதுதான், ஆபத்தான ஆலைகளில் தொழிலாளரும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் உட்காரும் பாதுகாப்புக் குழு வேண்டும் என்று எழுதினார்கள். உங்கள் ஆலையில் அந்தக் குழு கூடுகிறதா, இல்லை ரிஜிஸ்டரில் கையெழுத்தோடு முடிகிறதா? முதல் கேள்வியாக இதையே வைத்துக்கொள்ளலாம்.

இனி இன்சார்ஜ். அவரை எனக்குத் தெரியாது. முசுடாகவும் இருக்கலாம். ஆனால் ராத்திரி 2 மணிக்கு பேட்ச் ஓடிக்கொண்டிருக்கும்போது "ஏன் சார் இப்படியே செய்றோம்?" என்று யார் போய் நின்றாலும் எரிச்சல்தான் வரும். அது பதில் சொல்லக்கூடிய கேள்வியே இல்லை. பதினைந்து நாள் ரீடிங்கை ஒரு கிராப் தாளில் போட்டுக்கொண்டு, ஷிப்ட் மாறி அவர் கொஞ்சம் ஓய்வாக இருக்கும்போது போங்கள். "செவ்வாய்க்கிழமை மட்டும் ஏறுது சார். அன்னைக்குத்தான் புது லோடு இறங்குது. சம்பந்தம் இருக்குமா?" என்று கேளுங்கள். இதற்கு "சொன்னதை மட்டும் செய்" என்று சொல்ல அவருக்கே கூச்சமாக இருக்கும். அப்புறமும் சொன்னால், தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தேதி போட்டு.

நீங்கள் கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா என்றும் எழுதவில்லை. கான்ட்ராக்ட் என்றால் கணக்கு வேறு. கேள்வி கேட்டவருக்கு அடுத்த மாதம் கேட் பாஸ் வராமல் போகிற இடங்கள் உண்டு. அங்கே தனியாகப் போய் நிற்காதீர்கள். நம்பிக்கையான சீனியர் வழியாகவோ, சங்கம் இருந்தால் அதன் வழியாகவோ கேளுங்கள். பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். உங்கள் வீட்டு அரிசிக்கு அவர்கள் பணம் தரப்போவதில்லை.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. உங்களுக்கு வேலையில் ஆர்வம் வந்துவிட்டது என்று தெரிந்தால் சில நிர்வாகங்கள் அதை ஓவர்டைம் கணக்கில் கழித்துக்கொள்ளும். "நீதான் இதுல இன்ட்ரஸ்ட் உள்ள பையனாச்சே, ஞாயிற்றுக்கிழமை வந்துட்டுப் போ" என்பார்கள். போகலாம், கூலியோடு.

வேலையும் ஆசையும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தையும் விடுங்கள். ழுவோ துப்ரேய் புதுச்சேரிக் கல்லூரியில் அறிவியல் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சு வாத்தியார். பல்லவர் கோயில்களைத் தேடி அலைந்தது அவருடைய சொந்தக் கிறுக்கு. காஞ்சி கைலாசநாதர் கோயிலின் சுவர் ஓவியங்களை 1931இல் வெளிக்கொண்டு வந்தவர் அவர். 1937இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டுப் பிள்ளைகள் பொறுக்கிய பழைய மணிகளைக் காசு கொடுத்து வாங்கி, இந்த மண்ணுக்குள் என்னவோ இருக்கிறது என்று முதலில் மோப்பம் பிடித்தவர்களில் ஒருவர். 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் வந்து தோண்டியதெல்லாம் பிறகுதான். ஆனந்தரங்கப் பிள்ளையோ வேறு மாதிரி. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களோடு வியாபாரம், பிறகு துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) வேலை என்று இருந்தபோது காதில் விழுந்ததையும் கண்ணில் பட்டதையுமே 1736 முதல் 1761 வரை எழுதிக்கொண்டிருந்தார். கப்பல் வந்தது, சரக்கு விலை, யாருக்கு யாரோடு சண்டை எல்லாம். எழுதச் சொல்லி யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. ஒருவருக்கு ஆசை வேலைக்கு வெளியே இருந்தது, இன்னொருவருக்கு வேலைக்குள்ளேயே இருந்தது. உங்களுக்கு எது என்பது இன்னும் முடிவாகவில்லை. முடிவு செய்யும் அளவுக்கு உங்கள் வேலையை நீங்கள் பார்க்கவே இல்லை.

இதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, ஒரு வருடம் கழித்தும் மழைதான் என்றால் தாராளமாக முயற்சி செய்யுங்கள். வாய்ச்சொல்லாக இல்லாமல் விண்ணப்பமாக. இந்திய வானிலைத் துறையின் சயின்டிபிக் அசிஸ்டன்ட் வேலைக்கு எஸ்.எஸ்.சி. (மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம்) 2022இல் தேர்வு நடத்தியபோது, பி.எஸ்சி.யில் இயற்பியல் ஒரு பாடமாக இருந்து முதல் வகுப்பில் தேறியவர்கள் எழுத முடிந்தது. உங்கள் மார்க் ஷீட்டை எடுத்து, துணைப்பாடம் என்ன என்று பாருங்கள். அடுத்த அறிவிப்பு வரும்போது வயது வரம்பையும் பாருங்கள். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: அங்கேயும் ஷிப்ட் உண்டு. இன்சார்ஜும் உண்டு.